‘புரிஞ்சுதா’ன்னு கேட்டே அஞ்சு வருஷம் போச்சு

காலேஜ்ல பாடம் எடுக்கற வேலைக்குப் புதுசா சேந்தவங்க, சேரப் போறவங்க யாராவது இதப் படிச்சா பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்ல. அஞ்சு வருஷமும், கணக்கு போட்டுப் பாத்தா கிட்டத்தட்ட 73,000 ரூபாயும் போன பிறகுதான் எங்க தப்புன்னு தெரிஞ்சுது. அதுவும் நானா கண்டுபிடிக்கல, இன்னொருத்தர் காட்டினாரு.

2017 ஜூலைல சேலம் பக்கத்துல ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல அசிஸ்டண்ட் ப்ரொஃபசரா சேந்தேன். எம்.இ. முடிச்சு ரெண்டே மாசம். இன்டர்வியூல பத்து நிமிஷம் டெமோ எடுக்கச் சொன்னாங்க, சர்க்யூட் கணக்குக்கு அடிப்படையான கிர்ச்சாஃப் விதி எடுத்தேன், நல்லா இருக்கும்மான்னு சொல்லி ஆர்டர் குடுத்தாங்க. அந்தப் பத்து நிமிஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷம் நான் பாடம் எடுக்கறத ஒருத்தர் கூட வந்து உக்காந்து பாத்ததில்ல. ஆறாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்குடுக்கணும்னா பி.எட். படிக்கணும், டீச்சிங் ப்ராக்டிஸ்னு ஸ்கூலுக்குப் போய் எடுத்துக் காட்டணும், ஒருத்தர் பின்னாடி உக்காந்து குறிப்பு எழுதுவாரு. இன்ஜினியரிங் காலேஜுக்கு எம்.இ. இருந்தா போதும், எப்படிச் சொல்லிக்குடுக்கறதுன்னு ஒரு நாள் கூட யாரும் சொல்லித் தர மாட்டாங்க. நமக்கு யார் எப்படிப் பாடம் எடுத்தாங்களோ அதையேதான் நாமளும் எடுப்போம். நானும் அதான் செஞ்சேன். போர்டுல தியரம் எழுதி, ஒரு ப்ராப்ளம் போட்டுக் காட்டி, இன்னொண்ணு குடுத்து, புரிஞ்சுதான்னு கேட்டு, எஸ் மேம்னு சத்தம் வந்ததும் அடுத்த டாபிக்.

எனக்குக் குடுத்த பேப்பர் ரெண்டாவது செமஸ்டர்ல வர்ற சர்க்யூட் பேப்பர். முதல் பேட்ச்ல 58 பேர், யூனிவர்சிட்டி ரிசல்ட் வந்தப்ப 24 பேர் பாஸ். 41 சதவீதம். ரிசல்ட் அனாலிசிஸ் மீட்டிங்ல என் பேரு ப்ரொஜெக்டர்ல சிவப்பு கலர்ல வந்துச்சு, எல்லா டிபார்ட்மெண்ட் ஸ்டாஃபும் உக்காந்திருந்தாங்க. காரணம் எழுதிக் குடுங்கன்னாங்க. என்ன எழுதறதுன்னு தெரியாம பக்கத்துல இருந்த மேம் கிட்ட கேட்டேன், "பசங்களோட பேஸிக்ஸ் வீக்குன்னு எழுதும்மா, எல்லாரும் அதான் எழுதுவோம்"னாங்க. எழுதிக் குடுத்தேன். அந்த வருஷம் இன்க்ரிமெண்ட் நிறுத்திட்டாங்க, மாசம் 1,500, வருஷத்துக்கு 18,000. வீட்ல அம்மாகிட்ட சொல்லல. காசு போனதை விட ஃபீட்பேக்ல ஒரு பையன் எழுதின ஒரு வரிதான் வலிச்சுது: ‘மேம் நல்லவங்க, நல்லா எடுப்பாங்க, ஆனா எதுவும் புரியாது.’ நல்லா எடுக்கறதும் புரியறதும் எப்படி வேற வேற ஆகும்னு அன்னிக்கு எனக்கு விளங்கல. அந்த வரிக்குள்ளதான் எல்லாமே இருந்துச்சு, அது புரிய எனக்கு இன்னும் நாலு வருஷம் ஆச்சு.

அடுத்த வருஷம் நான் என்ன பண்ணேன்னா, நான் சரியா விளக்கல, இன்னும் தெளிவா விளக்கணும்னு முடிவு பண்ணி எல்லாத்துக்கும் பிபிடி தயார் பண்ண ஆரம்பிச்சேன். ஒரு ஹவர் க்ளாஸுக்கு மூணு மணி நேரம் நாலு மணி நேரம். சனி ஞாயிறு மொத்தமும் அதுலதான் போச்சு. அனிமேஷன், கலர் கலரா மெஷ் (சர்க்யூட்ல கரண்ட் சுத்தி வர்ற வளையம்), அம்புக்குறி ஓடற மாதிரி எல்லாம் போட்டேன். 2019 ரிசல்ட் 46 சதவீதம். ரெண்டு மூணு பேர் கூடப் பாஸ், அதுக்கு ஒரு வருஷத்து வார விடுமுறை.

அப்புறம் சரி, முறையா கத்துக்கலாம்னு பாத்தப்ப ஒரு தனியார் நிறுவனம் கற்பித்தல் முறைக்கு சர்வதேச சான்றிதழ்னு விளம்பரம் பண்ணிட்டு இருந்தாங்க. ஜிஎஸ்டியோட 14,750 ரூபாய். ஆறு வாரம், எல்லாமே ரெக்கார்ட் பண்ண வீடியோ, கடைசில கொள்குறி வினா. கற்றலை ஆறு படியா பிரிக்கற ப்ளூம்ஸ் டாக்ஸானமிய மனப்பாடமா ஒப்பிப்பேன், ஆனா திங்கக்கிழமை காலைல க்ளாஸுக்குள்ள நுழைஞ்சா எதையும் மாத்திச் செய்யத் தெரியாது. இது போக எஃப்டிபி (ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம்), வொர்க்‌ஷாப்னு ஊர் ஊரா போனது ரெஜிஸ்ட்ரேஷனும் பஸ் செலவும் சேத்து ஒரு 9,000 இருக்கும். 2020ல கொரோனா வந்ததும் டேப்லெட், மைக், ரிங் லைட் வாங்கினேன், 31,000, இஎம்ஐல. வீடியோ போட்டேன். முழுசா பாத்தவங்க க்ளாஸுக்கு ஏழெட்டுப் பேரு, அவங்க ஏற்கனவே நல்லா படிக்கறவங்க. நான் பேசற அதே பேச்சுதான் போர்டுல இருந்து பிபிடிக்குப் போச்சு, பிபிடில இருந்து வீடியோவுக்குப் போச்சு. விளக்கறது மட்டும் மாறிட்டே இருந்துச்சு, கேட்டுட்டு இருக்கறவன் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் ஒரு நாளும் பாக்கல.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். கோர்ஸ், எஃப்டிபி எல்லாமே வீண்னு சொல்லல. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் 2003ல ஆரம்பிச்ச என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளம் இருக்கு, அதுல இன்ஜினியரிங் எப்படிச் சொல்லிக்குடுக்கறதுன்னே கோர்ஸ் வருது, படிக்கறது இலவசம், சர்டிபிகேட் வேணும்னா மட்டும் நான் எழுதினப்ப 1,000 ரூபாய் எக்ஸாம் ஃபீஸ். தரமணில 1964ல இருந்து இருக்கற என்ஐடிடிடிஆர் இதுக்குன்னே உருவாக்கின இடம், டீச்சர்ஸுக்குப் பயிற்சி குடுக்கறதுதான் அவங்க வேலையே. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு ஏஐசிடிஇ-யோட 8 மாட்யூல் பயிற்சியும் இருக்கு. காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்தப் பயிற்சில என்னைப் பத்து நிமிஷமாவது பாடம் எடுக்கச் சொல்லி, அதை வேற யாராவது பாத்து, எங்க சறுக்கினேன்னு சொல்வாங்களா? இல்லன்னா அந்தக் காசை வெச்சுக்கங்க.

2022ல தான் திருப்பம். பசங்க திரும்ப நேர்ல வந்தாச்சு. 2021ல இருந்து அரசுப் பள்ளிப் பசங்களுக்கு இன்ஜினியரிங்லயும் 7.5 சதவீதம் ஒதுக்கீடு வந்துச்சு, ஃபீஸும் ஹாஸ்டலும் அரசாங்கமே கட்டுது, அதனால தமிழ் மீடியத்துல படிச்ச, வீட்ல முதல் தடவை காலேஜ் பாக்கற பசங்க முன்ன விட அதிகமா வந்திருந்தாங்க. ஸ்டாஃப் ரூம்ல பேச்சு என்னன்னா ‘இந்த பேட்ச் இன்னும் மோசம்’. ஒரு நாள் சாயங்காலம் பேப்பர் திருத்திட்டு அப்படியே அழுதுட்டு இருந்தேன், யாரும் இல்லன்னு நெனச்சேன், மேத்ஸ் டிபார்ட்மெண்ட் சார் ஒருத்தர் வந்துட்டாரு. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருந்துச்சு அவருக்கு. ஏம்மா என்னாச்சுன்னாரு. எல்லாத்தையும் சொன்னேன். அவரு அட்வைஸ் ஒண்ணும் பண்ணல. "உன் க்ளாஸ யாராச்சும் பாத்திருக்காங்களாம்மா?"ன்னாரு. இல்ல சார்னேன். "நாளைக்கு நான் வரட்டுமா?"ன்னாரு.

பயமா இருந்துச்சு, உண்மையச் சொல்றேன். கடைசி பெஞ்ச்ல ஒரு நோட்டோட உக்காந்தாரு. பசங்க ரெண்டு நிமிஷம் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க, அப்புறம் மறந்துட்டாங்க. நான் மெஷ் அனாலிசிஸ் எடுத்தேன், நல்லா எடுத்ததாவே நெனச்சேன். முடிஞ்சதும் கேன்டீன்ல டீ வாங்கிக் குடுத்துட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினாரு. கருத்தே இல்ல, வெறும் எண்ணிக்கை. 50 நிமிஷத்துல 43 நிமிஷம் நான் பேசியிருக்கேன். புரிஞ்சுதான்னு 26 தடவை கேட்டிருக்கேன். கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு நான் காத்திருந்த நேரம் ஒரு செகண்ட், ஒன்றரை செகண்ட், அதிகபட்சம் ரெண்டு, அதுக்குள்ள நானே பதில் சொல்லிட்டேன். வாயத் தொறந்தது நாலே பேரு, நாலு பேரும் முதல் ரெண்டு பெஞ்ச். "இதுல சரி தப்பு ஒண்ணும் இல்லம்மா, நடந்தது இது"ன்னாரு. அமெரிக்காவுல மேரி பட் ரோவ்னு ஒரு அறிவியல் கல்வி ஆராய்ச்சியாளர் 1970கள்லயே க்ளாஸ் க்ளாஸா ரெக்கார்ட் பண்ணி, டீச்சர்ஸ் சராசரியா ஒரு செகண்ட் தான் காத்திருக்காங்க, அதை மூணு செகண்ட் ஆக்கினாலே பசங்க பதில் நீளுது, பேசாத பசங்க பேசறாங்கன்னு எழுதியிருக்காங்கன்னு அப்புறம்தான் படிச்சேன். மூணு செகண்ட் கேக்க சின்னதா இருக்கு, போர்டு முன்னாடி நின்னு பாருங்க, நெஞ்சு அடைக்கும். நான் இப்பவும் மனசுக்குள்ள அஞ்சு எண்றேன்.

நீங்க செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான், செலவே இல்லாதது. நம்பிக்கையான ஒருத்தரை க்ளாஸுக்கு வரச் சொல்லுங்க. உங்க ஹெச்ஓடி (துறைத் தலைவர்) வேண்டாம், அப்ரைசல் எழுதறவங்க யாரும் வேண்டாம். வேற டிபார்ட்மெண்டா இருந்தா இன்னும் நல்லது, பாடம் தெரியாதவங்கதான் பசங்க முகத்தப் பாப்பாங்க. ‘எப்படி இருந்துச்சு’ன்னு கேக்காதீங்க, நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்வாங்க. எண்ணச் சொல்லுங்க. யார் பேசினாங்க, எவ்ளோ நேரம், எந்த இடத்துல பசங்க பேனாவ வெச்சாங்க.

அதுக்கு அப்புறம் அவரு சொன்ன ஒரே யோசனை, கணக்கே இல்லாத ஒரு கேள்வி கேட்டுப் பாரும்மா. என்ன கேள்வின்னு தேடினப்ப ஹார்வர்ட்ல இயற்பியல் எடுக்கற எரிக் மஸூர் பத்திப் படிச்சேன். அவரு க்ளாஸ்ல ஃபீட்பேக் நல்லா வரும், பசங்க கஷ்டமான கணக்கெல்லாம் போடுவாங்க. 1990 வாக்குல, விசைன்னா என்னன்னு அடிப்படையச் சோதிக்கற ஒரு டெஸ்ட்டை குடுத்தப்ப ஒரு மாணவி கேட்டாங்களாம், நீங்க சொல்லிக்குடுத்தபடி எழுதணுமா, நான் நெனைக்கறபடி எழுதணுமான்னு. அங்க அவருக்கு விழுந்த அடி. அப்புறம் அவரு எக்ஸாம்ல ரெண்டு கேள்விய ஜோடியா வெச்சுப் பாத்தாரு, அது சர்க்யூட்ல இருந்தே வந்தது எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒண்ணு வழக்கமான ரெண்டு லூப் கணக்கு. இன்னொண்ணு, ஒரே மாதிரி மூணு பல்பு ஏ, பி, சி வரிசையா பேட்டரில இருக்கு, சி-க்கு பக்கத்துல இணையா ஒரு ஸ்விட்ச். ஸ்விட்சப் போட்டா ஏ, பி வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? ஹார்வர்ட் பசங்களே கணக்க நல்லா போட்டுட்டு பல்புல மாட்டிக்கிட்டாங்க.

அதே பல்பு கேள்வியை அடுத்த நாள் நான் போர்டுல வரைஞ்சேன். 61 பேர். ரெண்டு நாள் முன்னாடிதான் இன்டர்னல் டெஸ்ட்ல இதை விடக் கஷ்டமான மெஷ் கணக்க 40 பேருக்கு மேல சரியா போட்டிருந்தாங்க. கூடும்னா ஒரு விரல், குறையும்னா ரெண்டு, அப்படியே இருக்கும்னா மூணு, பக்கத்துல இருக்கறவன் பாக்காத மாதிரி நெஞ்சுக்கிட்ட வெச்சுக் காட்டுங்கன்னேன். கூடும்கறதுதான் சரி, அந்த ஒரு விரல் காட்டினது 14 பேரு. மீதி 47 பேர்ல பாதிப் பேருக்கு கரண்ட்னா பேட்டரில இருந்து எப்பவும் ஒரே அளவு வரும், வழில பல்பு பல்பா செலவாகிட்டே போகும்னு எண்ணம். ஒரு செமஸ்டர்ல பாதி முடிஞ்சிருந்துச்சு. என் கை நடுங்கிச்சு. அஞ்சு வருஷமா நான் யாருக்கு என்னத்த எடுத்துட்டு இருந்தேன்?

பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசி முடிவு பண்ணுங்க, தமிழ்லயே பேசுங்கன்னேன். க்ளாஸ் இரைச்சலாச்சு. மூணாவது பெஞ்ச் ஓரத்துல ஒரு பையன், இன்டர்னல்ல 12 மார்க், அதுவரைக்கும் அவன் குரலே நான் கேட்டதில்ல. பக்கத்துப் பையனுக்கு கைய ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிட்டு இருந்தான். எந்திரிச்சு எல்லாருக்கும் சொல்லுப்பான்னேன். ரொம்பத் தயங்கினான், அப்புறம் சொன்னான். "எங்கப்பா மைக் செட்டு, சீரியல் செட்டு வெச்சிருக்காருங்க மேம். மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டும்போது பழைய சீரியல்ல ஒரு பல்பு போயிருச்சுன்னா வரிசை மொத்தமும் அணைஞ்சுரும். புது பல்பு இல்லன்னா அந்த பல்பை எடுத்துட்டு ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கி விட்ருவோம். மறுபடி எரியும், ஆனா மத்த பல்பு கொஞ்சம் பளிச்சுன்னு எரியும். அஞ்சாறு பல்பு இப்படி எடுத்துட்டோம்னா மீதியும் சீக்கிரம் போயிரும், அதனால அப்பா திட்டுவாரு. ஸ்விட்சப் போடறதும் முறுக்கி விடறதும் ஒண்ணுதானுங்களே மேம்?"

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சே வரல. அவனுக்கு சீரிஸ் சர்க்யூட் என்னை விட நல்லா தெரியும், கையால தெரியும். மெஷ் ஈக்வேஷனுக்கும் அவங்கப்பாவோட சீரியல் செட்டுக்கும் நடுவுல பாலம் போடத்தான் என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க, நான் போடல. பேஸிக்ஸ் வீக்குன்னு எழுதிக் குடுத்தேனே, அந்த லெட்டர் ஞாபகம் வந்துச்சு.

அன்னைல இருந்து அந்த யூனிட்ல ஒவ்வொரு ஹவருக்கும் இப்படி ஒரு கேள்வி, சில நாள் ரெண்டு. முறை சுலபம்தான். கேள்வியப் போடணும், ஒரு நிமிஷம் தனியா யோசிக்கணும், பேசாம விரல் காட்டணும். சரியான பதில் மூணுல ஒரு பங்குக்கும் கீழ இருந்தா பேச விட்டும் பயன் கம்மி, நாமளே வேற விதமா திரும்பச் சொல்லணும். முக்கால்வாசிப் பேர் சரின்னா ஒரு வரில முடிச்சுட்டு நகரலாம். நடுவுல இருந்தா அதுதான் நல்ல கேள்வி, ரெண்டு நிமிஷம் பேச விட்டு மறுபடி விரல் காட்டச் சொல்லணும். கேள்வில நம்பர் இருக்கக் கூடாது. தப்பான பதில் பசங்க நிஜமாவே நம்பற தப்பா இருக்கணும், அதுக்குப் பழைய பேப்பர் திருத்தும்போது என்னென்ன தப்பு வருதுன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கங்க, அந்த நோட்டுக்கு ஈடு எந்தப் புஸ்தகமும் இல்ல. பல்பை நேர்லயே காட்டணும்னா மூணு டார்ச் பல்பு, ஹோல்டர், நாலு செல், ஒயர் போதும், எல்இடி வேண்டாம், அது குறிப்பிட்ட வோல்டேஜுக்குக் கீழ எரியவே எரியாது, பசங்களுக்கு இன்னும் குழப்பமாயிரும். தமிழ் மீடியத்துல இருந்து வர்ற பசங்களுக்கு மின்னழுத்தம், மின்தடைன்னு பள்ளிப் புஸ்தகத்து வார்த்தைய வோல்டேஜ், ரெசிஸ்டன்ஸ் பக்கத்துலயே போர்டு ஓரத்துல எழுதி விடுங்க. ரெண்டு செகண்ட் வேலை. எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி மூணு மாசம் பொட்டென்ஷியல் டிஃபரன்ஸ்னா என்னன்னே தெரியாம உக்காந்திருந்தா, மின்னழுத்த வேறுபாடுன்னதும் அடச்சே இதானான்னா.

போர்ஷன் எப்படி முடிக்கறதுன்னு கேப்பீங்க, எல்லாரும் அதான் கேக்கறாங்க. நான் மூணு விஷயத்த நிறுத்தினேன். ரெண்டு மார்க் கேள்வி பதிலை டிக்டேட் பண்றத, ஒரே மாதிரி மூணாவது நாலாவது ப்ராப்ளத்த போர்டுல போடறத, யூனிட் முடிஞ்சதும் ரிவிஷன்னு மறுபடி சொல்றத. தீர்த்த கணக்கு ஷீட்டா ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டேன். முதல் வருஷம் ஒரு யூனிட்ல மட்டும்தான் செஞ்சேன், நீங்களும் அப்படியே ஆரம்பிங்க. அஞ்சு யூனிட்டையும் ஒரேயடியா மாத்தினீங்கன்னா மூச்சு முட்டி விட்ருவீங்க.

இப்ப ரொம்ப முக்கியமான இடம், இதைத்தான் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கணும். இப்படி எடுக்க ஆரம்பிச்ச செமஸ்டர்ல என் ஃபீட்பேக் இன்னும் கீழ போச்சு. மேம் சொல்லித்தரவே மாட்டேங்கறாங்க, எங்களையே பேசச் சொல்றாங்க, நோட்ஸ் குடுக்கறதில்லன்னு எழுதியிருந்தாங்க. ஹெச்ஓடி கூப்பிட்டு "என்னம்மா, விளையாட்டு காட்டிட்டு இருக்கியா"ன்னாரு. மூணு நாள் தூக்கம் இல்ல, பழையபடி பிபிடிக்கே போயிரலாம்னு நெனச்சேன். அப்பதான் 2019ல ஹார்வர்ட்ல பண்ணின ஒரு ஆய்வு கண்ணுல பட்டுச்சு. ஒரே பாடத்த ஒரு குழுவுக்கு நல்லா பேசற ஆசிரியர் லெக்சரா எடுத்தாரு, இன்னொரு குழுவ அவங்களே பேசி யோசிக்க வெச்சாங்க. டெஸ்ட் வெச்சா ரெண்டாவது குழுதான் அதிகம் கத்துக்கிட்டிருந்துச்சு, ஆனா கேட்டப்ப அவங்க தங்களுக்குக் கம்மியா புரிஞ்சதாத்தான் சொன்னாங்க. யோசிக்கறது சிரமம், அந்தச் சிரமத்த புரியலைன்னு எடுத்துக்கறாங்க. சரளமா ஓடற லெக்சர் கேட்டா புரிஞ்ச மாதிரியே இருக்கும். என் முதல் பேட்ச் பையன் எழுதின வரி அதான். 2014ல 225 ஆய்வுகளச் சேத்துப் பாத்த ஒரு பெரிய அலசலும் இருக்கு, அறிவியல், இன்ஜினியரிங், கணக்குப் பாடங்கள்ல வெறும் லெக்சர்னா ஃபெயில் 33.8 சதவீதம், பசங்கள ஈடுபட வெச்சா 21.8. இந்த ரெண்டையும் பிரிண்ட் எடுத்து ஹெச்ஓடி டேபிள்ல வெச்சேன். படிச்சாரான்னு தெரியல, ஆனா ஒரு செமஸ்டர் டைம் குடுத்தாரு.

அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பசங்ககிட்ட சொல்லிடுங்க, முதல் மூணு வாரம் எரிச்சலா இருக்கும், ஏன் இப்படிச் செய்யறேன்னா இதான் காரணம்னு. ஹெச்ஓடிகிட்டயும் முன்னாடியே சொல்லுங்க, ஃபீட்பேக் வந்த பிறகு சொன்னா சாக்கு மாதிரி ஆயிரும். செமஸ்டர் முடிஞ்சு வர்ற ஃபீட்பேக் அந்தப் பசங்களுக்கு ஒண்ணுத்துக்கும் உதவாது. நாலாவது வாரமே மேத்ஸ் சார் என் க்ளாஸுக்குப் போனாரு, நான் வெளிய போயிட்டேன். நாலு நாலு பேரா உக்கார வெச்சு, எது உதவுது, எது தடங்கலா இருக்கு, என்ன மாத்தலாம்னு மூணே கேள்வி, இருவது நிமிஷம். பேர் இல்லாம தொகுத்து எனக்குக் குடுத்தாரு. போர்டு ஓரத்துல எழுதறது கடைசி பெஞ்சுக்குத் தெரியல, ஜெராக்ஸ் ஷீட் டெஸ்ட்டுக்கு முந்தின நாள்தான் வருதுன்னு வந்துச்சு. அஞ்சு வருஷ ஃபீட்பேக் ஃபார்ம்ல இது வந்ததே இல்ல, ஏன்னா அதுல ‘நேரந்தவறாமை’க்கு அஞ்சுக்கு எவ்ளோன்னு மட்டும்தான் இருக்கும். அடுத்த க்ளாஸ்ல இதையெல்லாம் மாத்தறேன், விரல் காட்டறத மட்டும் மாத்த மாட்டேன், காரணம் இதுன்னு சொன்னேன். அன்னிக்கு க்ளாஸோட முகமே வேற மாதிரி இருந்துச்சு.

சிஓ பிஓ மேப்பிங், அதாவது ஒரு பாடத்தோட இலக்கை மொத்தப் படிப்போட இலக்கோட பொருத்திக் காட்டற கணக்கு, அது பத்தியும் ஒண்ணு. படிப்புக்கு அங்கீகாரம் குடுக்கற என்பிஏ குழு வருதுன்னா ராத்திரி ராத்திரியா உக்காந்து எக்ஸெல் நிரப்பறோம், எல்லாருக்கும் அதுமேல கோவம், எனக்கும் இருந்துச்சு. ஆனா எந்தக் கேள்வில எத்தனை பேர் விட்டாங்கன்னு பாக்கற அதே ஷீட்ட முதல் இன்டர்னல் முடிஞ்ச வாரமே போட்டீங்கன்னா, எந்த இடத்துல க்ளாஸே விழுந்திருக்குன்னு தெரிஞ்சுரும், சரி பண்ண இன்னும் ரெண்டு மாசம் கைல இருக்கும். செமஸ்டர் முடிஞ்சு ஃபைலுக்காகப் போடறப்பதான் அது வெறும் பாரம். அண்ணா யூனிவர்சிட்டியோட 2021 ரெகுலேஷன்ல தியரிக்கு இன்டர்னல் 40 ஆயிருச்சு, முன்னாடி 20 தான். அந்த 40ல பல்பு மாதிரி ஒரு கேள்வி வெக்க நமக்கு உரிமை இருக்கு. வெச்சாத்தான் பசங்க க்ளாஸ்ல அதை மதிப்பாங்க, டெஸ்ட்ல வராத எதையும் அவங்க நம்ப மாட்டாங்க, அது அவங்க தப்பும் இல்ல.

ஸ்டாஃப் ரூம் பத்தி எழுத மனசு கஷ்டமா இருக்கு, ஆனாலும் எழுதறேன். அங்க பேப்பர் பப்ளிகேஷன் பத்திப் பேசுவோம், பிஎச்டி வைவா பத்திப் பேசுவோம், அட்மிஷனுக்கு ஊர் ஊரா போனது பத்திப் பேசுவோம். இன்னிக்கு என் க்ளாஸ்ல இது புரியல, நீங்க இதை எப்படி எடுப்பீங்கன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டோம். கேட்டா நமக்குத் தெரியலன்னு ஆயிருமோன்னு பயம். யாரும் கெட்டவங்க இல்ல. வாரத்துக்கு 18 ஹவர், லேப், மெண்டரிங், ஃபைல், அதுக்கு மேல ப்ரமோஷனுக்குப் பேப்பர்தான் கணக்குன்னு தெரிஞ்ச பிறகு யாருக்கு பாடம் எடுக்கறத பத்தி உக்காந்து யோசிக்கத் தெம்பு இருக்கும்? அதனால ஒவ்வொருத்தரும் கதவச் சாத்திக்கிட்டுத் தனித்தனியா தோத்துட்டு, வெளிய வந்து பசங்க சரியில்லன்னு சொல்றோம். நானும் சொன்னவதான்.

ரிசல்ட் கேப்பீங்க. 2022 பேட்ச் 63 சதவீதம், அடுத்தது 71. ஏசி சர்க்யூட்ல, ரெசனன்ஸ்ல இன்னும் எனக்கு நல்ல கேள்வி அமையல, அங்க இப்பவும் நிறையப் பேர் விழறாங்க. அந்த சீரியல் செட்டு பையன் என் பேப்பர்ல பாஸ், ஆனா கணக்குல அரியர் வெச்சான், அடுத்த செமஸ்டர்ல மேத்ஸ் சார்கிட்ட தினமும் சாயங்காலம் உக்காந்து க்ளியர் பண்ணான். சார் போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டாரு. அந்த நோட்டை என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு, பாதிப் பக்கம் காலியா இருக்கு.

இந்த வருஷம் எங்க டிபார்ட்மெண்டுக்குப் புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கா, 24 வயசு. போன வாரம் பேப்பர் திருத்திட்டு ரொம்ப நேரம் தனியா உக்காந்திருந்தா. வியாழக்கிழமை மூணாவது ஹவர் உன் க்ளாஸுக்கு வரட்டுமான்னு கேட்டேன். முகம் வெளுத்துப் போச்சு. அப்புறம் மெதுவா, "சரிங்க மேம், நான் எத்தனை தடவை புரிஞ்சுதான்னு கேக்கறேன்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க"ன்னா. அந்த நோட்டுல அவளுக்குன்னு புதுப் பக்கம் எடுத்துத் தேதி போட்டு வெச்சிருக்கேன்.